ஜி நெஞ்சுக்கு சி வாத்தியம்

தங்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சுரங்கத்தை மூடி, ஷாஃப்டின் வாய்க்கு இரும்புக் கதவு போட்டு, ஆட்களை ஏற்றி இறக்கிய பெரிய சக்கரங்களைக் காக்கைகளுக்கு விட்டுவிட்டுக் கம்பெனி போன பிறகும் எங்கள் ஊரில் ஒரு பொருள் மட்டும் தீராமல் இருந்தது, அது தூசி; தங்கம் எடுத்த கல்மாவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்து சோற்றில் விழுகிற தூசி வேறு, அதைக் கழுவிவிடலாம், நான் சொல்வது பூமிக்கடியில் கல்லைத் துளைத்த ஆண்களின் நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்ட தூசி, அதற்கு வாடகையும் கிடையாது, காலி பண்ணும் தேதியும் கிடையாது.

கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லைனின் கடைசி வீட்டு மாசிலாமணி அப்படிப்பட்ட நெஞ்சுக்காரர்களில் ஒருவர். டிரில்லராக இருந்தவர், ஒரு காலத்தில் துளை மிஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்தால் எதிரில் வருகிறவன் சுவரோடு ஒட்டிக்கொள்வானாம்; இப்போது கட்டிலிலிருந்து குழாயடி வரைக்கும் போவதற்குள் வழியில் குந்திக் குந்தி எழுந்தார். அவருடைய மூச்சு ஒரே சுருதியில் நீளமாக இழுக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகின, அது நின்றால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்று அவர்களுடைய அம்மாக்கள் சொல்வார்கள், சிரிப்பதற்காகத்தான் சொல்வார்கள்.

தம்பி தயாளன் அவரைவிட மிகவும் இளையவன். அவனுக்கு வேலைக்குப் போகிற வயது வந்தபோது சுரங்கம் மூடியாகிவிட்டது, அதனால் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கார் ஓட்டினான். அண்ணன் வளர்த்த பிள்ளை, அண்ணன் வீட்டிலேயே இருந்தான், அண்ணி எஸ்தர் போட்ட சோற்றைத் தின்றான், பெண் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கம்பெனி வாசலில் காத்துக்கிடந்த நேரத்தில் எப்படியோ அவனுக்கு மவுத் ஆர்கன் பைத்தியமும், அதிலும் ப்ளூஸ் பைத்தியமும் பிடித்துவிட்டது. பருத்திக் காட்டிலும் ரயில் ரோட்டிலும் முதுகு ஒடிந்த கறுப்பு ஜனங்கள் பாடியது என்று எங்களுக்கு விளக்கினான். கேட்டால் அது பொய் என்று தோன்றவில்லை.

பழகுவதற்கென்றே போனில் பாட்டுகள் இருந்தன. டிரம் உண்டு, கிடார் உண்டு, பாடுகிறவன் மட்டும் கிடையாது. பந்தியில் ஒரு இலையைப் போட்டுவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது மாதிரி நடுவில் இடம் விட்டிருக்கும், வாசிக்கிறவன் அதில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும், அதற்கு டிராக் என்று பெயர். ஒவ்வொரு டிராக்குக்கும் அதன் சுருதியைக் காட்ட ஒரு ஆங்கில எழுத்து, மவுத் ஆர்கனின் தகட்டிலும் அதேபோல் ஒரு எழுத்து. தயாளனுடையது சி. ஆகவே அவன் புத்திசாலித்தனமாக சி டிராக்கையே போட்டு வாசித்துக்கொண்டிருந்தான், அது ப்ளூஸாக இல்லை.

“சண்டே ஸ்கூல் பசங்க பாட்டு மாதிரி இருக்குது தயா,” என்று எஸ்தர் கிண்டல் பண்ணுவாள். “அழுவுற பாட்டுன்னு சொன்ன, எனக்கு சிரிப்புதான் வருது.”

பிறகுதான் எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டான். எழுத்தும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் பாட்டு ஊதுகிற மூச்சில் உட்காரும். ப்ளூஸின் அழுகையெல்லாம் இழுக்கிற மூச்சில் இருக்கிறது, அதற்கு டிராக்கின் எழுத்திலிருந்து நாலு எண்ணி வாத்தியத்தை எடுக்க வேண்டும், ஜி, ஏ, பி, சி, அதாவது ஜி டிராக்குக்கு சி வாத்தியம். விடுமுறை நாள் மத்தியானம் ஒன்றில் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜி டிராக்கைப் போட்டு முதல் தடவையாக இழுத்து வாசித்தான். மாசிலாமணியின் நெஞ்சும் ஜி-யில்தான் இழுத்துக்கொண்டிருந்தது, அது தற்செயல். டிரம்மும் கிடாரும் அண்ணனின் நெஞ்சும் தம்பியின் இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து பன்னிரண்டு பாரை, அதாவது ப்ளூஸின் பன்னிரண்டு தாளக் கட்டங்களைச் சுற்றி வந்தன, மறுபடியும் சுற்றி வந்தன, அடுத்த சுற்றில் அண்ணனின் நெஞ்சுச் சத்தம் மட்டும் நின்றுபோனது. எஸ்தர் அடுப்படியிலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மாசிலாமணி செத்திருக்கவில்லை, எழுந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தயாளன் வாத்தியத்தைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினான், சாம்பல் நிறத்தில் ஒரு பிடி தூசி விழுந்தது, வெயிலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மின்னியது.

“வாசல்ல போய்த் தட்டுடா, இப்பதான் பெருக்கி முடிச்சேன்,” என்றாள் எஸ்தர்.

அன்று சாயந்திரம் மாசிலாமணி சட்டை போட்டுக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் நடந்துபோய் ஆட்டுக்குடல் வாங்கி வந்தார். வழியில் பார்த்தவர்கள் சாவுச் செய்தி சொல்லத்தான் எஸ்தர் வீட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள், வந்தது அவரே என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் காலையில் வாசலில் வரிசை நின்றது. அதிசயம் எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கு எப்போது என்றுதான் கேட்டார்கள்.

ஒவ்வொரு நெஞ்சுக்கும் ஒரு சுருதி இருந்தது. தயாளன் முதுகில் காதை வைத்துக் கேட்டு எழுத்தைச் சொல்வான், அதற்கேற்ற டிராக்கைப் போட வேண்டும், அதிலிருந்து நாலு எண்ணி வாத்தியத்தை எடுக்க வேண்டும், ஒன்று தவறினாலும் தூசி அசையாது. லைன்காரர்கள் சேர்ந்து பெங்களூரிலிருந்து எல்லா எழுத்து வாத்தியமும் வாங்கி வந்து ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். குழந்தைகள் கயிறு தாண்டும்போது ஈ, எஃப், ஜி, ஏ என்று எண்ணின. ஏ நெஞ்சுக்காரர்கள் ஏனோ தங்களை ஒரு படி உசத்தியாக நினைத்துக்கொண்டு தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எஃப் நெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் நாலாவதில் அரைப்படி குறைத்து எடுக்க வேண்டியிருந்ததால் அவர்கள் எப்போதும் ஏமாற்றப்பட்டவர்களைப் போலவே இருந்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் சாதி விசாரித்த கையோடு மாமனார் நெஞ்சு எந்த எழுத்து என்றும் விசாரித்தார்கள். பாதிரியார் இது பரிசுத்த ஆவியின் மூச்சு என்று பிரசங்கம் பண்ணினார், மாரியம்மன் கோவில் பூசாரி, ஆத்தா ஊதுவாள், இழுக்க மாட்டாள், இது என்ன கணக்கு என்று தெரியவில்லை என்றார், பிறகு இரண்டு பேருமே வரிசையில் வந்து நின்றார்கள், ஒருவர் டி, ஒருவர் ஈ. கல் வெடித்துச் சரிந்தபோது உள்ளே மாட்டிப் பிழைத்து வந்தவர்களின் நெஞ்சு மட்டும் சோகச் சுருதியான மைனரில் இருந்தது. அதற்கு இன்னொரு விதமாக எண்ண வேண்டும், அந்த இழுப்பு இன்னும் ஆழம், அவர்களுக்கு வாசித்த நாட்களில் தயாளன் யாரோடும் பேச மாட்டான்.

எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு யூனியன் இருக்கும், ஆகவே இதற்கும் ஒரு கமிட்டி வந்தது. தலைவர் பொன்னுரங்கம், பழைய யூனியன் செயலாளர், மைக் இல்லாமலே ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசக்கூடியவர். டோக்கன் கொடுப்பது, வரிசையை ஒழுங்கு பண்ணுவது, பெட்டியிலிருந்து வாத்தியத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தயாளன் கார் வேலையை விட்டுவிட்டான், சோறு லைன் போட்டது.

வாத்தியத்திலிருந்து தட்டியது போக மிச்சத் தூசி எங்கே போகிறது என்று ஆரம்பத்தில் யாரும் யோசிக்கவில்லை, எஸ்தர்தான் முதலில் கவனித்தாள். சாப்பிடும்போது தயாளன் கவளத்துக்குக் கவளம் நிறுத்தி மூச்சு வாங்கினான். பிறகு படி ஏறும்போது, பிறகு சட்டை மாட்டும்போது, பிறகு சும்மா இருக்கும்போதே. சயனைடு மேட்டுக்குப் போய் வெறும் வெளியில் ஊதிப் பார்த்தான், மூடிக்கிடந்த ஷாஃப்டின் கதவுச் சந்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தான், கமிட்டிக்காரர்கள் ஒரு ஆட்டைக் கூட கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள், ஒரு துளித் தூசிகூட வெளியே போகவில்லை. ஆடு நன்றாகவே இருந்தது, கிறிஸ்துமஸுக்கு அறுத்தார்கள்.

அந்தத் தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான், அப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் பண்ணியிருக்க முடியாது. சுரங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. கீழே இறங்குகிறவனின் லாம்ப் நம்பரும் டோக்கன் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனைக் கீழே இறக்குகிற கூண்டான கேஜில் ஏற்ற மாட்டார்கள், ஏனென்றால் மேலே வராதவன் யார் என்று அந்த நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வாழ்நாளெல்லாம் அந்த ஒற்றுமையைப் பார்த்தே உயிர் பிழைத்த பொன்னுரங்கத்துக்கு, டிராக்கில் ஒரு எழுத்தும் வாத்தியத்தில் வேறு எழுத்தும் இருப்பது முதல் நாளிலிருந்தே ஒப்பவில்லை. அன்று முனிரத்தினத்தின் முறை, சி நெஞ்சு. சி டிராக் ஓடியது. எஃப் வாத்தியத்தை எடுக்கப் போன பொன்னுரங்கத்தின் கை நின்றது.

“நெஞ்சு சி, பாட்டு சி, இது மட்டும் இன்னாத்துக்கு எஃப்? அதான் பையன் கஷ்டப்படுறான்,” என்று சொல்லிக்கொண்டே சி வாத்தியத்தை எடுத்துக் கொடுத்தார்.

தயாளன் அப்போது எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிற நிலையில் இருந்தான். வைத்தான், வாசித்தான், எழுத்தும் எழுத்தும் ஒன்றாக இருந்ததால் பாட்டு ஊதுகிற மூச்சில் போய் உட்கார்ந்தது. முனிரத்தினம் நாற்காலியோடு சாய்ந்தார். அவருடைய உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தபோது தயாளனின் முகத்தில் ரத்தம் ஏறியது, பல மாதம் கழித்து அவன் ஒரு முழு மூச்சை இழுத்தான், இழுத்த மூச்சின் ருசியில் அவனையறியாமல் அழுதான். கூடியிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். முனிரத்தினம் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். பொன்னுரங்கம் பெட்டியைக் கொண்டுவந்து மாசிலாமணி கையில் கொடுத்துவிட்டு, இனி தான் அதைத் தொட மாட்டேன் என்றார். முனிரத்தினத்தின் சாவு வீட்டில் அவர் அழுத அழுகை பொய்யில்லை.

ஆனால் இப்போது எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. தூசி மண்ணில் இறங்காது, ஆட்டில் இறங்காது, மனிதன் நெஞ்சில் இறங்கும். தயாளனுக்குக் கிடைத்த சுகமும் நிலைக்கவில்லை, வரிசை குறையவில்லையே, சீக்கிரமே அவன் பழையபடி, பழையதைவிட மோசமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மாதா கோவில் மைதானத்தில் கமிட்டி கூடியது.

“நான் சுத்தி வளைச்சுப் பேசல,” என்றார் பொன்னுரங்கம். “தயாளன் போயிட்டான்னா அவன் பின்னாடியே நாம எல்லாரும் போயிடுவோம். அவன் நெஞ்சுல இருக்கிறத யாராச்சும் ஒருத்தர் வாங்கிக்கணும். யாரு வாங்கிக்கிறது?”

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். முதலில் குணமானவர் அவர், அதிக நாள் நல்ல மூச்சு விட்டவர் அவர், பிள்ளை குட்டி இல்லாதவர், எல்லாவற்றுக்கும் மேலாக வாசிக்கிறவனுக்குச் சொந்த ரத்தம். பார்த்தவர்களின் கணக்கு அவ்வளவுதான், அதில் கோபமோ பகையோ எதுவும் இல்லை, அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

எஸ்தர் எழுந்தாள். “வருசக் கணக்கா இந்த ஆளுக்கு நான் எச்சில் கிண்ணம் எடுத்தேன். அப்ப உங்கள்ல ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கல. இப்பதான் என் புருசன் எங்கூட மார்க்கெட்டுக்கு நடந்து வர்றாரு. அதயும் கேக்குறீங்களா? உங்க வாயில மண்ணு விழ!”

தயாளன் எழுந்து நிற்கவே நேரமாயிற்று. “எங்கண்ணன் நெஞ்சுல ஊதிட்டு நான் வாழணுமா?” என்றான். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினான். “அதுக்கு நான் செத்துப்போறேன். இதுக்கு மேல யாரும்… இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது.” பெண்கள் சிலர் அழுதார்கள். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் கலைந்தது, கலையும்போதும் ஒவ்வொருவராக மாசிலாமணியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அன்றிலிருந்து மாசிலாமணி அதிகம் பேசவில்லை. வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், உள்ளே தம்பி இருமுகிற ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் துடைப்பார். எஸ்தர் திட்டினாலும் சிரிப்பார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, அதனால் அவரைத் தனியாக விடாமல் குழாயடிக்குக் கூட துணைக்குப் போனாள்.

தூறல் போட்ட ஒரு மத்தியானம், எஸ்தர் அடுப்படியில் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தயா, எனக்கு நேத்துலேர்ந்து லேசா இழுக்குதுடா,” என்றார். “ஒரே ஒரு சுத்து வாசி. முடியுமா?”

“உனக்கு இல்லாததா அண்ணே,” என்று தயாளன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். ஜி நெஞ்சு. ஜி டிராக் ஓட ஆரம்பித்தது. மாசிலாமணி பெட்டியிலிருந்து வாத்தியத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

ஜி வாத்தியம்தான் இருப்பதிலேயே தடித்த குரல் உள்ளது, சி வாத்தியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது, தயாளனால் நிச்சயமாக முடியாது. பழக்கத்தில் அவன் இழுத்தான், இழுத்த சுரம் பாட்டோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. இழுப்பிலிருந்து ஊதுவதற்கு மாறினால்தான் ஒட்டும். வாத்தியத்தைக் கீழே போட்டிருக்கலாம், அதற்கு வேண்டிய இடம் இருந்தது, டிரம் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் வாய் ஊதுவதற்கு மாறியது.

அடுப்படியில் எஸ்தருக்குக் குரல் வித்தியாசம் உடனே தெரிந்தது, இத்தனை நாள் கேட்ட காது அல்லவா. கருவாட்டுக் கையோடு ஓடிவந்து கதவுக்கு வந்தவளைப் பார்த்து மாசிலாமணி உள்ளங்கையை விரித்துத் தூக்கினார். வெடி வைத்துவிட்டு, கிட்டே வராதே, அங்கேயே நில் என்று டிரில்லர்கள் காட்டுகிற கை அது. சுரங்கத்தில் அந்தக் கையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நின்றுவிட வேண்டும், நிற்காதவன் செத்துப்போவான், எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் அது ரத்தத்தில் ஊறியது, அவள் நின்றுவிட்டாள். தயாளன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பன்னிரண்டு பார் முடிந்து மறுபடி தொடங்கியது, மறுபடி முடிந்து மறுபடி தொடங்கியது, லைன் முழுவதன் தூசியும் ஏ நெஞ்சும் டி நெஞ்சும் எஃப் நெஞ்சும் மைனர் நெஞ்சும் போட்டு வைத்திருந்தது எல்லாம் ஒன்றுவிடாமல் அந்தத் தடித்த குரலில் ஏறி வந்து ஒரே மனிதனுக்குள் இறங்கியது. ஒரு சுற்றில் கூட அவன் தாளம் தப்பவில்லை, சொல்லப்போனால் அவன் அதைவிட நன்றாக அதற்கு முன்னால் வாசித்ததே கிடையாது. டிராக் முடிந்தபோது தூக்கிய கை மடியில் விழுந்திருந்தது. மாசிலாமணியின் வாயோரத்தில் சாம்பல் கோடு ஒன்று வழிந்திருந்தது.

பெரிய சாவு. பொன்னுரங்கம் செலவுக்கு முன்னால் நின்றார், பேண்டு வந்தது, இந்த மாதிரி ஒரு அண்ணன் எந்த ஊரிலும் கிடையாது என்று மைதானத்தில் பேசினார்கள், பேசியவர்கள் அனைவருக்கும் மூச்சு நன்றாக இருந்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆள் மாற்றி ஆள் போட வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். அண்ணன் தம்பியை ஏமாற்றி உயிரைக் கொடுத்துவிட்டார், பாவம், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று லைன் முடிவு பண்ணிக்கொண்டது, தயாளனும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் வாசலில் பழையபடி வரிசை நின்றது. உள்ளே எஸ்தர் தயாளனுக்குச் சோறு போட்டாள். அவன் பசியோடு தின்றான், கவளத்துக்குக் கவளம் நிறுத்தவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து அவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்குறேன்,” என்றாள். “எந்த இடத்துல உனக்குத் தெரிஞ்சிச்சு?”

அவன் கை தட்டில் நின்றது. பொய் சொல்லியிருக்கலாம், லைன் அவனுக்காக ஒரு பொய்யைத் தயாராகவே வைத்திருந்தது.

“வாயில வச்சி மொதல் மூச்சு இழுத்தப்பவே தெரிஞ்சிடுச்சு அண்ணி, எடுத்துடணும்னுதான் நெனச்சேன், ஆனா ஊதுனதும் காத்து உள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் எடுக்க முடியல,” என்றான். இவ்வளவையும் நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல் சொன்னான்.

எஸ்தர் சட்டியில் மீதி இருந்த சோற்றையும் அவன் தட்டில் போட்டாள். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வாசலுக்குப் போய், வரிசையில் முதலில் நின்றவரை உள்ளே வரச் சொன்னாள்.